பட்டினிப் பலகை

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நெஞ்சைப் பிளந்து செய்யவேண்டிய ஆபரேஷன் அன்றைக்கு, பகல் பதினொன்றேகால் மணிக்கு, கட்டிலைச் சுற்றியிருந்த மறைப்புத் துணியை இழுத்துவிட்டுக்கொண்டு நான் மூன்று இட்லி சாப்பிட்டேன். கடலைச் சட்னியோடு. சட்னியில் காரம் கொஞ்சம் தூக்கல்.

தெரியாமல் செய்தவன் என்றால் மன்னிக்கலாம். மயக்க மருந்து கொடுக்கப்போகும் உயிருக்கு வயிறு காலியாக இருக்கவேண்டும் என்பது என் பெயரைப்போல எனக்குத் தெரியும். பதினோரு வருஷம் அதுதான் என் பிழைப்பு. ஓசூரைத் தாண்டி, கர்நாடக எல்லைக்குள் இருந்த ஓர் ஆராய்ச்சிக்கூடத்தில் பன்றிகளைப் பார்த்துக்கொள்ளும் ஆளாக இருந்தேன். ஒரு பன்றிக்கு நாளை ஆபரேஷன் என்றால், இன்று சாயங்காலமே அதன் கொட்டடிக் கம்பியில் ‘தீனி இல்லை’ என்று சிவப்பில் எழுதிய பலகையை மாட்டவேண்டும். பட்டினிப் பலகை என்போம். எத்தனை நூறு தடவை மாட்டியிருப்பேனோ. அதே கையால்தான் இட்லியையும் பிட்டேன்.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிடுவது நல்லது. இதே தப்பை நான் இதற்கு முன்பு ஒரு தடவை செய்திருக்கிறேன். அப்போது மேசையில் படுத்திருந்தது நான் இல்லை. அதற்கான பேச்சை வாங்கிக்கொண்டதும் நான் இல்லை.

காரிமங்கலம் பக்கத்தில் இருக்கும் என் ஊரில், நான் மாத்திரைக் கம்பெனியில் வேலை பார்த்ததாகத்தான் இன்றைக்கும் நம்புகிறார்கள். பன்றி என்று சொன்னால் பந்தியில் பக்கத்தில் உட்காரமாட்டார்கள் என்று பயம். என் மனைவி மாதம்மாவுக்கு மட்டும் தெரியும். லீவுக்கு வந்தால் பின்பக்கத் தொட்டியில் இரண்டு வாளி ஊற்றிக் குளித்த பிறகுதான் வாசற்படியை மிதிக்கவிடுவாள். “அதுங்க உன்னவிட சுத்தம்டி, தெனமும் சோப்பு போட்டுக் கழுவறோம்” என்று நான் சொன்னதை அவள் ஒரு நாளும் நம்பியதில்லை.

ஏன் பன்றி என்று கேட்பவர்களுக்காகச் சொல்கிறேன். கிட்டத்தட்ட நம் எடைக்கு வளர்ந்த பன்றியின் இதயமும் நம் இதயமும் அளவில் ஏறக்குறைய ஒன்று. இதயத்துக்கே ரத்தம் கொண்டுபோகும் குழாய்கள் நமக்கு ஓடுகிற மாதிரியேதான் அதற்கும் ஓடுகின்றன. அந்தக் குழாய் அடைத்துக்கொண்டால் உள்ளே விரித்து வைக்கிற கம்பி வலைக்கு ஸ்டென்ட் என்று பெயர். பேனா ஸ்பிரிங்கைப் பார்த்திருப்பீர்கள், அதைவிடச் சின்னது. புதிதாக ஒன்றைச் செய்தால் எடுத்தவுடனே மனிதனுக்குள் வைக்கமாட்டார்கள். பன்றிக்கு வைத்து, சில வாரம் வளர்த்து, குழாய் திறந்திருக்கிறதா, மறுபடி சதை மூடிவிட்டதா என்று பார்ப்பார்கள். பார்ப்பது என்றால், கடைசியில் அதைத் தூங்கவைத்து இதயத்தை வெளியே எடுத்துத்தான் பார்க்கமுடியும். அந்தக் கடைசி நாள்களில் எனக்குச் சாப்பாடு இறங்காது. மறுநாள் இறங்கிவிடும். சம்பளம் வாங்குகிற வயிறு அப்படித்தான்.

பன்றிகளுக்குப் பெயர் வைக்கக்கூடாது, காதில் தொங்கும் எண்தான் பெயர் என்று விதி. நான் எல்லாவற்றுக்கும் வைத்தேன். என் மைத்துனர்கள் பெயரை வைத்தேன். கூப்பிட ஆசையாக இருக்கும்.

இன்னொரு விதியும் உண்டு. சுவரிலேயே எழுதி ஒட்டியிருந்தார்கள்: எழுதாதது நடக்காதது. எத்தனை மணிக்குத் தீனி போட்டோம், எத்தனை மணிக்குக் கழுவினோம் என்று எல்லாவற்றையும் ரெஜிஸ்டரில் எழுதிக் கையெழுத்துப் போடவேண்டும். மைசூர்ப் பக்கத்திலிருந்து புதிதாக வந்த கால்நடை டாக்டர் ரேகாவுக்கு அது வேதவாக்கு. நான் எதைச் சொல்லப்போனாலும், “கோவிந்தண்ணா, வாயில சொன்னா ஆகாது, எழுதிக் குடுங்க” என்பார். பன்றி தும்முகிறது என்றாலும் எழுதிக் கொடுக்கவேண்டும்.

சரி, நோய்க்கு வருகிறேன்.

வேலையை விட்டு ஊரோடு வந்து நாலு வருஷம் ஆகியிருந்தது. சந்தையில் புண்ணாக்கு மூட்டையை வண்டியில் ஏற்றும்போது நெஞ்சின் நடுவில் யாரோ அம்மிக்கல்லை இறக்கிவைத்தது போல இருந்தது. இடது கை கனத்தது. பன்றியின் நெஞ்சுவலியைப் பக்கம் பக்கமாகக் குறித்தவனுக்குத் தன் நெஞ்சுவலி தெரியவில்லை. வாய்வு என்று இரண்டு சோடா குடித்தேன். மாதம்மா என் முகத்தைப் பார்த்தாள். மூட்டையை அங்கேயே போட்டுவிட்டு, கையைப் பிடித்து ஆட்டோவில் தள்ளினாள்.

தருமபுரியில் இ.சி.ஜி. எடுத்தார்கள். நெஞ்சில் ஓடும் மின்சாரத்தைக் கோடாக வரைந்து காட்டுவது அது. ரத்தத்திலும் ஒரு சோதனை. இதயத்தசை அடிபட்டால் அதிலிருந்து கசிகிற ஒரு பொருள் ரத்தத்தில் தெரியுமாம், தெரிந்தது. மாத்திரைகளைக் கையில் கொட்டி, “மென்னு முழுங்குங்க” என்றார்கள். பார்த்ததும் அடையாளம் தெரிந்துவிட்டது. ரத்தம் உறையாமல் இருக்க, தினமும் காலையில் என் மைத்துனர்களுக்கு வாழைப்பழத்துக்குள் ஒளித்து ஊட்டிய அதே இரண்டு மருந்துகள். எனக்குப் பழம் தரவில்லை.

அங்கிருந்து சேலத்துக்கு அனுப்பினார்கள். மணிக்கட்டு வழியாகக் குழாய் விட்டு, மருந்தைச் செலுத்திப் படம் பிடித்தார்கள். அதுதான் ஆஞ்சியோகிராம். நான் திரையை எட்டிப் பார்த்தேன். பாதி படம் எனக்கே புரிந்தது, அதுதான் வினை. மூன்று இடத்தில் குழாய் நூலாய் இளைத்திருந்தது.

“ஸ்டென்ட் வச்சிருவீங்களா சார்?” என்றேன், கூடத்துக்காரன் என்ற உரிமையில்.

“உங்களுக்கு அது சரிப்படாது. அடைப்பு இருக்கிற இடம் அப்படி. பைபாஸ்தான்” என்றார் இதய டாக்டர். காலிலிருந்து ரத்தக்குழாயை உருவி, அடைப்பைத் தாண்டி ஒட்டுப்போட்டு ரத்தத்துக்கு வேறு வழி காட்டுவது பைபாஸ். பதினோரு வருஷம் கல்யாண மண்டபத்தில் சமைத்தவனுக்குப் பந்தியில் இடமில்லை என்ற கதை.

உடனே செய்யவும் முடியாது. அந்த இரண்டு மாத்திரைகளில் ஒன்று உடம்பை விட்டு இறங்க ஐந்து நாள் ஆகும், அதற்கு முன்னால் கத்தி வைத்தால் ரத்தம் நிற்காது என்றார்கள். ஐந்து நாள் காத்திருப்பு.

ஆஸ்பத்திரியில் நோயைவிடக் காத்திருப்பதுதான் ஆளைக் கரைக்கிறது. எக்கோ அறை வாசலில் ஒரு மணி நேரம், எக்ஸ்ரே வாசலில் ஒன்றரை மணி நேரம். பெயரைக் கூப்பிடுவார்கள் என்று காதைத் தீட்டிக்கொண்டே இருந்து, கூப்பிடும்போது தூங்கிவிடுவது. பயப்படக்கூடத் தெம்பு இருக்காது. பயம் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து அதுவும் கொட்டாவி விடும். மாதம்மா ஃப்ளாஸ்க்கை மடியில் வைத்துக்கொண்டு என் செருப்புக்குக் காவல் இருந்தாள். மொசைக் தரை சில்லென்று இருக்கிறதென்று நான் காலை மடக்கியதைப் பார்த்துவிட்டு, மறுநாள் தன் பழைய சேலையை நாலாக மடித்துக் கொண்டுவந்து காலடியில் போட்டாள்.

பக்கத்துக் கட்டிலில் ஆறுமுகம். பொம்மிடிக்காரர், ரயில்வேயில் தண்டவாள வேலை பார்த்தவர். அவருக்கு ஸ்டென்ட் வைக்கப்போகிறார்கள். நான் இருந்த இடத்தைப் பேச்சுவாக்கில் உளறிவிட்டேன். மனிதர் எழுந்து உட்கார்ந்துவிட்டார்.

“அந்தக் கம்பிய மொதல்ல பன்னிக்குத்தான் வச்சாங்களா?”

“ஆமாங்க.”

“வச்ச பன்னி என்னா ஆச்சுண்ணா?”

“நல்லா தின்னுச்சுங்க. நல்லா தூங்குச்சு. ஓடியாடிட்டு இருந்துச்சு” என்றேன். எல்லாம் உண்மை. கடைசி நாளை மட்டும் விட்டுவிட்டேன்.

“அப்பறம்?”

“அப்பறம் எனக்கு டூட்டி மாத்திட்டாங்க.”

அவர் முகம் தெளிந்தது. “அப்போ பன்னி தாங்குனத நாம தாங்க மாட்டமா” என்று படுத்துக்கொண்டார். அவர் சம்சாரத்திடமும் அதையே சொல்லித் தைரியம் கொடுத்தார். அன்றிலிருந்து அவர் வீட்டிலிருந்து வரும் எதிலும் எனக்கும் ஒரு பங்கு வரும். ஸ்டென்ட்டும் நல்லபடியாக வைத்து முடிந்தது. இரண்டாம் நாளே டிபன் டப்பாவைத் திறந்துகொண்டு உட்கார்ந்துவிட்டார்.

என் ஆபரேஷன் நாளன்று நான் இரண்டாவது கேஸ். காலையில் வேறொருவர், மத்தியானம் நான். முந்தின ராத்திரியிலிருந்து ஒன்றும் சாப்பிடக்கூடாது. கட்டில் கம்பியில் ஓர் அட்டையை மாட்டினாள் நர்ஸ் பெண். எனக்குச் சிரிப்பு வந்தது. பட்டினிப் பலகை.

பதினோரு மணிக்கு வார்டு பையன்கள் பேசிக்கொண்டது காதில் விழுந்தது. முதல் கேஸ் இழுக்கிறதாம், லேட்டாகுமாம். உடனே எனக்குள் இருந்த பதினோரு வருஷ அனுபவசாலி விழித்துக்கொண்டான். எங்கள் கூடத்தில் முதல் பன்றி இழுத்தால் இரண்டாவது பன்றிக்குப் பெரும்பாலும் அன்றைக்கு ஆபரேஷன் கிடையாது. நாளைக்குத் தள்ளிவிடுவார்கள். மேலேயிருந்து சொல்லி அனுப்புகிறவரை காத்திருந்தால் பாவம், அது கம்பியைக் கடித்துக்கொண்டு கத்தும். அதனால் நானே முடிவு செய்து கஞ்சியை ஊற்றிவிடுவேன். அப்படித்தான் இன்றைக்கும் முடிவு செய்தேன். மாதம்மா ஏதோ கையெழுத்துப் போடப் போயிருந்தாள்.

ஆறுமுகம் டப்பாவைத் திறந்தார். “உங்களுக்கு வேணாம்ல, ஆப்ரேசனு.”

“இன்னிக்கு நடக்காதுங்க. எனக்குத் தெரியாததா.”

“டாக்டரு சொன்னாரா?”

“டாக்டருக்கே இனிமேதான் தெரியும்.”

மூன்று இட்லி. வாயைக் கழுவி, துணியை விலக்கி, அப்பாவியாகப் படுத்துக்கொண்டேன்.

ஒன்றரை மணிக்கு ஸ்ட்ரெச்சர் வந்துவிட்டது.

“கோவிந்தசாமிங்களா? வாங்க போலாம்” என்றார் தள்ளுகிறவர். நர்ஸ் பெண் காகிதத்தைப் பார்த்துக்கொண்டே வரிசையாகக் கேட்டாள். பல்செட் உண்டா, மோதிரம் கழற்றியாச்சா, காலையிலிருந்து ஏதாவது சாப்பிட்டீர்களா.

“இல்லீங்க” என்றேன்.

ஏன் சொன்னேன் என்று கேட்காதீர்கள். எதிரே மாதம்மா நின்றாள். ஆறுமுகம் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பெண் ஒரு டிக் போட்டாள். அந்த டிக்கின் சத்தம் எனக்குக் கேட்டது. எழுதியாகிவிட்டது. இனி அதுதான் நடந்தது.

தியேட்டருக்கு வெளியே ஒரு நடை. அங்கே ஸ்ட்ரெச்சரை நிறுத்தி வைப்பார்கள். மேலே குழல்விளக்கு, பக்கத்தில் பச்சைச் சுவர். மல்லாந்து கிடந்த எனக்கு அப்போதுதான் மாப்பிள்ளை ஞாபகம் வந்தது.

மாப்பிள்ளை ஒரு பன்றி. விருந்துக்கு வந்த மாப்பிள்ளை மாதிரி, ஊட்டிவிட்டால்தான் தின்னும். ரேகா டாக்டர் மயக்க மருந்துப் பொறுப்புக்கு வந்த முதல் மாதம். அன்றைக்கும் மாப்பிள்ளை இரண்டாவது கேஸ். முதல் கேஸ் இழுத்தது. அது கம்பியைக் கடித்துக் கத்தியது. நான் முடிவு செய்தேன், கஞ்சியை ஊற்றினேன். ரெஜிஸ்டரில் ‘நேற்று மாலை முதல் தீனி இல்லை’ என்று காலையிலேயே எழுதிக் கையெழுத்தும் போட்டிருந்தேன். மதியம் ஒரு மணிக்கு, “அடுத்ததைக் கொண்டுவாங்க” என்று உள்ளேயிருந்து குரல் வந்தது.

அந்த நிமிஷம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். திட்டு வாங்கியிருப்பேன், அவ்வளவுதான். நான் வண்டியைத் தள்ளிக்கொண்டு போனேன்.

மயக்கம் ஏறும்போது வயிற்றில் இருப்பது மேலே வந்தால், தொண்டையில் அதைத் தடுக்கிற காவல் அப்போது தூங்கிக்கொண்டிருக்கும். தீனி நேராக நுரையீரலுக்குள் போய்விடும். மாப்பிள்ளைக்குப் போனது. ரேகா டாக்டர் மண்டியிட்டு, உறிஞ்சும் குழாயை விட்டு எடுத்துக்கொண்டே இருந்தார். கால்மணி நேரம். கண்ணாடிக் கதவுக்கு இந்தப் பக்கம் நான் நின்றேன். மாப்பிள்ளை பிழைக்கவில்லை.

விசாரணை வைத்தார்கள். ரெஜிஸ்டரைப் பார்த்தார்கள். பட்டினி போட்டதாக எழுதியிருக்கிறது. பன்றிக்கு வயிறு காலியாக நேரமாகும், டாக்டர்தான் ஜாக்கிரதையாக இருந்திருக்கவேண்டும் என்று முடிவு செய்தார்கள். ரேகா டாக்டர் என்னிடம் ஒரே ஒரு தடவை கேட்டார்.

“கோவிந்தண்ணா, தீனி போட்டீங்களா?”

“ரெஜிஸ்டர் பாருங்கம்மா” என்றேன்.

அவர் பார்த்தது ரெஜிஸ்டரை இல்லை, என்னை. அப்புறம் அவரைத் தியேட்டர் பக்கமே விடவில்லை. காகித வேலை கொடுத்தார்கள். ஆறு மாதத்தில் போய்விட்டார். நான் இன்னும் மூன்று வருஷம் அங்கே சம்பளம் வாங்கினேன்.

பச்சைச் சுவருக்குப் பக்கத்தில் ஒரு சின்னப் பெண் வந்து நின்றாள். தலையில் துணித் தொப்பி, காதோரம் நாலு முடி வெளியே. மயக்க மருந்து டாக்டர். காகிதத்தைப் புரட்டிக்கொண்டே, “எல்லாம் ஓகே. கடைசியா ஒரு தடவ கேட்டுக்கறேன் சார், எதுவும் சாப்பிடலல்ல?” என்றாள்.

நான் செத்தால் எனக்கு ஒன்றுமில்லை, தூக்கத்திலேயே போய்விடுவேன். காகிதத்தில் டிக் இருக்கிறது. அப்புறம் இந்தப் பெண்ணை உட்காரவைத்துக் கேட்பார்கள். நீதான் ஜாக்கிரதையாக இருந்திருக்கவேண்டும் என்பார்கள்.

“மூணு இட்லிங்க” என்றேன்.

அவள் குனிந்தாள். “என்ன சொன்னீங்க?”

“பதினொன்னேகாலுக்குங்க. கடலச் சட்னி. நர்சம்மா மேல தப்பில்ல, நான்தான் பொய் சொன்னேன். எல்லாத்தயும் எழுதிக்கங்க.”

அவள் அங்கே கிடந்த ஸ்டூலில் மெதுவாக உட்கார்ந்தாள். “சொல்லாம இருந்திருந்தா என்ன ஆயிருக்கும் தெரியுமா சார்?”

“தெரியும்ங்க. பாத்திருக்கேன்.”

“எங்க?”

“ஒரு பன்னிக்குங்க.”

என் நகைச்சுவைகளில் யாரும் சிரிக்காதது அது ஒன்றுதான். அது நகைச்சுவையும் இல்லை.

ஸ்ட்ரெச்சர் வார்டுக்குத் திரும்பியது. போன வேகத்தில் திரும்பி வருகிறவனை வார்டே எழுந்து பார்த்தது. விஷயத்தைக் கேட்ட மாதம்மா கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

“பசிச்சா என்னான்னு சொல்ல வாயில்லயா உங்களுக்கு?”

“ஆப்ரேசன் நடக்காதுன்னு நெனச்சேன் மாதம்மா.”

“நீங்க சாப்பிடலயேன்னு நானும் நேத்து ராத்திரில இருந்து பச்சத்தண்ணி குடிக்கல.”

இதை என்னிடம் சொல்லவில்லை, ஃப்ளாஸ்க்கிடம் சொன்னாள். பிறகு ஒரு நாள் முழுக்க என்னிடம் பேசவில்லை. ஆனால் மூன்று நாள் கழித்து மறுபடி தேதி கொடுத்தபோது, முந்தின ராத்திரி சாப்பாட்டு நேரத்தில் என்னைப் போலவே டப்பாவை மூடிவைத்தாள். ஆறுமுகம் அதற்குள் டிஸ்சார்ஜ் ஆகியிருந்தார். போகும்போது, “என்னால உங்க உசுருக்கு வந்துருக்குமேண்ணா” என்று கண்கலங்கினார். இட்லி நன்றாகத்தான் இருந்தது என்று சொல்லி அனுப்பினேன்.

ஆபரேஷனைப் பற்றிச் சொல்ல என்னிடம் ஒன்றுமில்லை, நான் ஊரில் இல்லை. கண் விழித்தபோது தொண்டையில் குழாய், நெஞ்சில் தையல், காலில் தையல். மூச்சுப் பயிற்சிக்கு மூன்று பந்துகள் போட்ட ஒரு பிளாஸ்டிக் டப்பா கொடுத்தார்கள். உறிஞ்சினால் பந்துகள் மேலே எழும்பவேண்டும். எனக்கு ஒரு பந்து எழும்பி, யோசித்து, இறங்கிவிடும். இருமும்போது தலையணையை நெஞ்சோடு கட்டிப்பிடிக்கவேண்டும். இல்லாவிட்டால் பிளந்து ஒட்டிய எலும்பு உயிரை எடுக்கும். ஒவ்வொரு இருமலுக்கும் மாதம்மாதான் தலையணையை எடுத்துக் கொடுத்தாள். எத்தனை இருமல் என்று கணக்கில்லை. நடக்க ஆரம்பித்தால் கட்டிலிலிருந்து கதவுவரை போய்வருவதற்குள் காரிமங்கலத்துக்கு நடந்துபோன களைப்பு. சாப்பிடவும் களைப்பு, பேசவும் களைப்பு. என்னைப் போன்றவன் பேசாமல் கிடப்பதைப் பார்த்துத்தான் அவள் பயந்துவிட்டாளாம்.

வீட்டுக்கு வந்து இரண்டு மாதம் ஆகிறது. மாத்திரை கசக்கிறது என்று ஒரு நாள் முகத்தைச் சுளித்தேன். மறுநாள் வாழைப்பழத்தைக் கீறி, மாத்திரையை உள்ளே அழுத்திக் கையில் கொடுத்தாள். என் வேலையைப் பற்றி நான் சொன்ன இத்தனை கதைகளில் அது ஒன்றுதான் அவள் மனசில் தங்கியிருக்கிறது. நான் அந்தப் பழத்தைத் தின்றேன். மாப்பிள்ளையைப்போல, ஊட்டிவிட்டால்தான் தின்பேன் என்று அடம்பிடிக்கவில்லை.

அன்று மத்தியானம்தான் கூடத்தில் என்னோடு வேலை பார்த்த ஒருவரிடம் கேட்டு ரேகா டாக்டரின் நம்பரை வாங்கினேன். வாங்கிப் பத்து நாள் சட்டைப்பையில் வைத்திருந்தேன். அவர் இப்போது மைசூர்ப் பக்கம் சொந்த ஊரிலேயே மாட்டு வைத்தியம் பார்க்கிறாராம்.

“நான் கோவிந்தசாமி பேசறேன்மா. பன்னிக்கூடத்துக் கோவிந்தசாமி.”

“சொல்லுங்க கோவிந்தண்ணா.” குரல் மாறவில்லை. பின்னால் ஒரு மாடு கத்திக்கொண்டிருந்தது.

நெஞ்சுவலியிலிருந்து ஆரம்பித்தேன். சோடா, ஆஞ்சியோகிராம், ஆறுமுகம், மூன்று இட்லி எல்லாம் சொன்னேன். வழக்கம்போலச் சிரிக்கவைக்கப் பார்த்தேன். அவர் சிரிக்கவில்லை, குறுக்கே பேசவும் இல்லை. அதனால் கடைசியில் வேடிக்கையை விட்டுவிட்டு நேராகச் சொன்னேன்.

“அன்னிக்கு அந்தப் பன்னிக்கு நான்தாம்மா கஞ்சி ஊத்துனேன். பன்னெண்டரை மணிக்கு. ரெஜிஸ்டர்ல இருந்தது பொய். உங்க மேல எந்தத் தப்பும் இல்ல.”

மாடு கத்துவதை நிறுத்தியிருந்தது. நான் தலையணையை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு நின்றேன்.

“எழுதிக் குடுங்க” என்றார்.